விந்தணு வாலில் கால்சியத்துக்காகக் காத்திருக்கும் புரதம்: கேபிர் மரபணு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட்டில் "அசைவு குறைவு" என்ற வரியைப் பார்த்ததும் பலர் இரவெல்லாம் போனில் தேடிவிட்டு, மறுநாள் காலையில் வாயில் நுழையாத மரபணுப் பெயர்களோடு வந்து நிற்பார்கள். அப்படி வரும் பெயர்களில் ஒன்று கேபிர். ஆங்கிலத்தில் சி, ஏ, பி, ஒய், ஆர் என்று ஐந்து எழுத்து. வாசிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று இங்கே கேபிர் என்றே எழுதுகிறேன். என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் கீழே கொடுத்திருக்கிறேன்.

கேபிர் என்றால் என்ன?

நம் 18-ஆவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு. அது சொல்லித் தரும் முறைப்படி உருவாகும் புரதத்துக்கும் அதே பெயர்தான். இந்தப் புரதம் விந்தணுவின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை உடையது, ஆனால் எப்போதும் பிடிக்காது. அதன் மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துண்டு ஒட்டிய பிறகுதான் பிடிக்கும். முழுப் பெயரே அதைத்தான் சொல்கிறது: கால்சியத்தைப் பிணைக்கும், டைரோசின் பாஸ்பரேற்றத்தால் கட்டுப்படுத்தப்படும் புரதம். டைரோசின் என்பது புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று; அதன் மேல் பாஸ்பேட் ஒட்டுவதுதான் பாஸ்பரேற்றம்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜான் ஹெர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடம், 2002-இல். மனித விந்தணுக்களிலிருந்து புரதங்களைப் பிரித்தெடுத்து, ஜெல்லில் ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும்படி பரப்பினார்கள். முட்டையோடு சேரத் தயாராகும் நேரத்தில் எந்தெந்தப் புள்ளிகளில் புதிதாகப் பாஸ்பேட் ஏறுகிறது என்று தேடினார்கள். பிறகு கதிரியக்கக் கால்சியத்தை அந்தப் புரதங்களின் மேல் விட்டு, எது அதைப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு தேடலிலும் சிக்கிய புரதம்தான் கேபிர். அதன் மேலிருந்த பாஸ்பேட்டை ஒரு நொதியால் உரித்து எடுத்ததும் கால்சியத்தைப் பிடிப்பதும் நின்றுபோனது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பாஸ்பேட்டும் கால்சியமும் இங்கே எப்படிக் கோர்த்திருக்கின்றன என்பதை ஒரே அடியில் காட்டிவிட்டது.

வாலில் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது?

இதற்கு விந்தணுவின் உடம்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தலையிலிருந்து நுனிவால் வரை மனித விந்தணுவின் நீளம் ஏறக்குறைய 50 முதல் 60 மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள் இருபது விந்தணுக்களை வரிசையாகப் படுக்க வைக்கலாம் அல்லவா, அவ்வளவுதான். தலை 5 மைக்ரான் அளவு. அதற்குள் டிஎன்ஏ இறுக்கமாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். அடுத்தது நடுப்பகுதி, அங்கே ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். அதற்குப் பிறகு வாலின் பெரும்பகுதி.

அந்தப் பெரும்பகுதியின் நடுவில் நுண்குழல்களின் கட்டு ஒன்று ஓடுகிறது: சுற்றிலும் ஒன்பது ஜோடி, மையத்தில் இரண்டு. வாலை அசைக்கும் மோட்டார் இதுதான். மோட்டாரைச் சுற்றி ஓர் உறை போர்த்தியிருக்கிறது, நார் உறை என்று சொல்வோம். மூங்கில் கூடை முடைவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு சட்டென்று புரியும். நீளவாக்கில் இரண்டு தண்டுகள், அவற்றை இணைத்துக் குறுக்கே வளைந்து போகும் விலா எலும்பு போன்ற பட்டைகள். உறை வாலுக்கு விறைப்பும் தருகிறது, வால் எந்தப் பக்கம் எவ்வளவு வளையலாம் என்பதற்கு எல்லையும் போடுகிறது.

அதோடு வேலை முடியவில்லை. குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் நொதிகள் இந்த உறையிலேயே கட்டிப் போடப்பட்டிருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா இருப்பது நடுப்பகுதியில். வால் நுனிக்கு அங்கிருந்து வெகுதூரம். அதனால் வழியிலேயே ஓர் அடுப்பு. அதே உறையில் சமிக்ஞைப் புரதங்களும் உட்கார்ந்திருக்கின்றன. கேபிர் இருப்பது இங்கேதான். ஏகேஏபி3 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, ரோப்போரின் போன்ற உறவுக்காரப் புரதங்களோடு சேர்ந்து இருக்கிறது.

விந்தணு வெளியே வந்த உடனே முட்டையைக் கருவுறச் செய்துவிடாதா?

செய்யாது. இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். அறிவியலுக்கே இது 1951 வரை தெரியாது. அந்த ஆண்டு அமெரிக்காவில் எம். சி. சாங் முயல்களை வைத்தும், ஆஸ்திரேலியரான சி. ஆர். ஆஸ்டின் எலிகளை வைத்தும், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் இதைக் கண்டார்கள். பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் இருந்த பிறகே விந்தணுவுக்கு முட்டையைக் கருவுறச் செய்யும் தகுதி வருகிறது. தமிழில் இதைத் தகுதியேற்றம் என்று சொல்லலாம்.

அந்த நேரத்தில் நடப்பது சுருக்கமாக இதுதான். விந்தணுவின் மேல்சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் உருவப்படுகிறது. பைகார்பனேட்டும் கால்சியமும் உள்ளே வருகின்றன. இவை இரண்டும் சேர்ந்து ஒரு நொதியைத் தட்டி எழுப்ப, சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது இன்னொரு நொதியை எழுப்புகிறது. சங்கிலியின் கடைசியில் வாலில் உள்ள பல புரதங்களின் டைரோசின் மேல் பாஸ்பேட் ஏறுகிறது. அந்தப் பலவற்றில் ஒன்று கேபிர்.

புதிய புரதம் செய்யாமல் ஏன் பழையதன் மேல் பாஸ்பேட் ஒட்ட வேண்டும்?

நல்ல கேள்வி. தோலோ கல்லீரலோ ஒரு மாற்றம் வேண்டுமென்றால் மரபணுவைத் திறந்து புதுப் புரதம் செய்துகொள்ளும். விந்தணுவுக்கு அந்த வசதி கிடையாது. டிஎன்ஏ இறுகக் கட்டிய மூட்டையாகிவிட்டது, அதைத் திறந்து படிக்க வழியில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு நெடும்பயணம் கிளம்பியவர் கையில் இருக்கும் கட்டுச்சோற்றை வைத்துத்தானே காலம் தள்ள வேண்டும்? விந்தணு நிலைமையும் அதேதான். விரைப்பையிலேயே, விந்தணு உருவாகும் அந்த இரண்டரை மாதத்துக்குள், தேவையான புரதம் எல்லாம் செய்து ஏற்றப்பட்டுவிட வேண்டும். பிறகு வழியில் செய்யக்கூடியது, இருக்கும் புரதத்தை முடுக்குவதும் அடக்குவதும் மட்டுமே. பாஸ்பேட்டும் கால்சியமும் அந்த வேலைக்கான விரல்கள்.

கால்சியம் உள்ளே எப்படி வருகிறது?

விந்தணுவுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே பத்தாயிரம் மடங்குக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. அணைக்கு அப்பால் நிற்கும் தண்ணீர் மாதிரி. மதகு திறந்தால் தானே பாயும்.

அந்த மதகின் பெயர் கேட்ஸ்பர். 2001-இல் டேவிட் கிளாப்பம் குழு பாஸ்டனில் கண்டுபிடித்தது. வாலின் பெரும்பகுதியில் மட்டும் இருக்கும் கால்சியம் வாயில் அது. மனிதர்களில் அதைத் திறக்கும் முக்கியமான சாவி புரோஜெஸ்டிரோன் என்று 2011-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. முட்டையைச் சுற்றியிருக்கும் செல்களே அந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. அதாவது முட்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்ற செய்தி விந்தணுவுக்குக் கால்சியமாகவே போய்ச் சேருகிறது. கேட்ஸ்பர் மதகு என்றால், உள்ளே பாய்ந்த கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளக் காத்திருப்பவற்றில் ஒன்று கேபிர். இரண்டும் வாலின் ஒரே பகுதியில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா?

புரதத்தைப் பார்க்க முடியாது. அதன் விளைவைப் பார்க்கலாம், நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். புதிதாக வந்த மாதிரியில் ஒரு சொட்டு எடுத்து வைத்தால், நல்ல விந்தணுக்கள் நேர்கோட்டில் போகும். தலை லேசாக இரண்டு பக்கமும் ஆடும், வால் ஒரே சீராகத் துடிக்கும். நொடிக்கு 25 மைக்ரானுக்குக் குறையாமல் போனால் வேகமான முன்னசைவு என்று குறித்துக்கொள்வோம். அப்படியென்றால் நிமிடத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்.

அதே மாதிரியைக் கழுவி, பைகார்பனேட்டும் ஆல்புமின் என்ற புரதமும் உள்ள கரைசலில் போட்டு, 37 டிகிரியில் இன்குபேட்டரில் வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் சில விந்தணுக்களின் நடையே மாறியிருக்கும். வால் ஒரு பக்கமாகப் பெரிதாக வளைந்து சாட்டை மாதிரி வீசும். தலை இங்கும் அங்கும் அடித்துக்கொள்ளும். ஓரிடத்திலேயே எட்டு போட்டுச் சுழலும், திடீரென்று நேரே பாயும், மறுபடி சுழலும். முதல் தடவை பார்த்தபோது மாதிரி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பதறிப்போய் என் சீனியர் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் லென்ஸில் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தோம்" என்றார்.

இதை மிகைத்துடிப்பு என்று சொல்லலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வீணாகச் சுழல்வது போலத் தெரியும். ஆனால் கருக்குழாயின் பிசுபிசுப்பான சளியிலிருந்து விடுபடவும், முட்டையின் தடித்த மேலுறையைத் துளைத்துப் போகவும் இந்த வீச்சுதான் வேண்டும்.

கேபிர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

எலியில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜப்பானைச் சேர்ந்த மசாஹிட்டோ இகாவாவும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து, மரபணுவைக் குறிவைத்து வெட்டும் கிரிஸ்பர் முறையில் இந்த மரபணுவைச் சிதைத்த எலிகளை உருவாக்கி, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண் எலிகளின் விந்தணுக்கள் சரியாக முன்னேறவில்லை, கருவுறச் செய்யும் திறன் வெகுவாகக் குறைந்தது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது நார் உறையின் பின்னல் ஒழுங்கு குலைந்திருந்தது.

இந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். அதுவரை கேபிரைச் சமிக்ஞைப் புரதமாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். கூடைப் பின்னலை நிற்க வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு என்று இந்த எலிகள் காட்டின. என் பார்வையில் இந்த இரண்டாவது வேலை முதலாவதைவிடச் சிறியதல்ல.

கேபிர் ஒரே புரதமா, பலவா?

ஒரே மரபணுவிலிருந்து வெட்டி ஒட்டும் விதத்தைப் பொறுத்துப் பல வடிவங்கள் வருகின்றன. முதல் ஆய்விலேயே ஆறு கண்டார்கள். அதனால் பழைய கட்டுரைகளில் சிபிபி86, எஃப்எஸ்பி2 என்ற பெயர்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், எல்லாம் இதுதான்.

எனக்கு "அசைவு குறைவு" என்று வந்திருக்கிறது. கேபிர்தான் காரணமா?

பெரும்பாலும் அப்படி யோசிக்கவே தேவையில்லை. முதலில் ரிப்போர்ட்டை நிதானமாகப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி மொத்த அசைவுக்குக் கீழ் எல்லை 42 சதவீதம், முன்னசைவுக்கு 30 சதவீதம், செறிவுக்கு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. குழந்தை பெற்ற ஆண்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் இந்த எல்லைகளுக்குக் கீழே இருப்பார்கள். அந்த எல்லை அப்படித்தான் வரையப்பட்டது. ஆகவே முன்னசைவு 28 சதவீதம் என்று வந்தால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

அடுத்து, ஒரு தடவை எடுத்த மாதிரியை நம்பி முடிவு செய்யாதீர்கள். கொஞ்ச நாள் முன்பு வந்த காய்ச்சல், வீட்டிலிருந்து எடுத்து வரும்போது குளிர்ந்துபோன டப்பா, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன தாமதம், எல்லாமே அசைவைக் குறைத்துக் காட்டும். ஒரு தடவை ஒருவர் டப்பாவை ஏசி காரில் டேஷ்போர்டு மேல் வைத்துக் கொண்டுவந்தார். முன்னசைவு 11 சதவீதம். அடுத்த முறை சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவரச் சொன்னேன்; 38 வந்தது. அவருடைய முகத்தை நான் மறக்கவில்லை.

காரணங்களில் வெரிக்கோசீல் (விரைப்பையில் ரத்த நாளங்கள் புடைத்துக்கொள்வது), தொற்று, புகை, அதிக வெப்பம், சில மருந்துகள் எல்லாம் முன்னால் நிற்கின்றன. மரபணுவைத் தேடும் நிலை வருவது அரிது: எண்ணிக்கை இருந்தும் அசைவு ஏறக்குறைய சுழியம், அதோடு வால்கள் குட்டையாகவும் சுருண்டும் ஒழுங்கற்ற தடிமனிலும் தெரிந்தால் யோசிப்பார்கள். அப்போதும் பட்டியலில் முன்னால் வருபவை டிஎன்ஏஎச்1, சிஎஃப்ஏபி43, சிஎஃப்ஏபி44 போன்ற வேறு மரபணுக்கள். வழக்கமான விந்துப் பரிசோதனை எந்த மரபணுவையும் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மேஜைக்கு வரும் தம்பதிகளில் பாதிக்கு மேல், மனைவிக்கு எல்லா டெஸ்டும் எடுத்து முடித்த பிறகுதான் கணவர் டப்பாவோடு வருகிறார். ஒரு பெண் மூன்று வருட ஃபைலைக் கையில் வைத்திருந்தார், அத்தனையும் அவருடைய ஸ்கேன், அவருடைய ஊசி. அவருடைய கணவரின் முதல் ரிப்போர்ட் அன்றுதான் வந்தது. விந்துப் பரிசோதனை இருப்பதிலேயே சுலபமானது, செலவு குறைவு, ஊசிகூடக் கிடையாது. முதல் மாதத்திலேயே எடுங்கள். மாமியார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எடுங்கள்.

கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் அசைவு கூடுமா?

கூடாது. ரத்தத்தில் கால்சியத்தை உடம்பு மிகக் குறுகிய எல்லைக்குள் கட்டிக் காக்கிறது. மாத்திரை போட்டதால் விந்தணு வாலுக்குக் கூடுதலாகப் போவதில்லை. விந்தணுவுக்கு வெளியே கால்சியம் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது என்று மேலே சொன்னேன். கால்சியம் விஷயத்தில் பிரச்சினை இருந்தால் அது மதகிலோ பிடிக்கும் புரதத்திலோதான் இருக்கும்.

"ஆண்மைக்கு" என்று கடைகளில் விற்கும் சத்து மாத்திரைகள் பற்றியும் கேட்கிறார்கள். ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்து, அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. ஆறு மாதம் சாப்பிட்டும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். புகையை நிறுத்துங்கள், மடிமேல் லேப்டாப் வேண்டாம். அப்புறம் மூன்று மாதமாவது பொறுத்து மறுபடி பாருங்கள். இன்று உருவாகத் தொடங்கும் விந்தணு வெளியே வர அவ்வளவு நாளாகும்.

வால் புரதத்தில் உண்மையிலேயே குறை இருந்தால் குழந்தை பெற வழி உண்டா?

உண்டு. இக்சி முறையில் ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய ஊசியில் எடுத்து நேராக முட்டைக்குள் வைக்கிறோம். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸில் உருவான முறை, முதல் கர்ப்பங்கள் 1992-இல் அறிவிக்கப்பட்டன. நீந்த வேண்டாம், உறையைத் துளைக்க வேண்டாம். ஆகவே வால் செய்ய வேண்டிய வேலையே இல்லை. எங்களுக்கு வேண்டியதெல்லாம் உயிரோடு இருக்கும் விந்தணு. அசையாத விந்தணுக்களில் எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க உப்புக் குறைந்த கரைசலில் விடுவோம். உயிருள்ளதன் வால் நீரை உறிஞ்சி நுனியில் சுருளும்.

கேபிர் புற்றுநோயோடு தொடர்புடையது என்று படித்தேன். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். விரைப்பையில் மட்டும் வேலை செய்ய வேண்டிய சில மரபணுக்கள் சில கட்டிகளில் தவறாக விழித்துக்கொள்கின்றன. நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகள் சிலவற்றில் கேபிர் புரதம் காணப்பட்டிருக்கிறது. கட்டியை அடையாளம் காணவோ, அதன்மேல் நோய் எதிர்ப்பு ஆற்றலை ஏவவோ அது உதவுமா என்பதற்காகத்தான் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். விந்து ரிப்போர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தச் சங்கிலியை நிறுத்தி ஆண்களுக்குக் கருத்தடை மாத்திரை செய்யலாமே?

அந்த முயற்சி நடக்கிறது. பைகார்பனேட்டும் கால்சியமும் தட்டி எழுப்பும் நொதி ஒன்றைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதைத் தற்காலிகமாக அடக்கும் ஒரு மருந்தை நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2023-இல் எலிகளில் சோதித்தார்கள். ஒரு வேளை மருந்தில் விந்தணுக்கள் சுமார் இரண்டரை மணி நேரம் அசையாமல் நின்றன. மறுநாளுக்குள் பழையபடி ஆகிவிட்டன. எலியில் கிடைத்தது மனிதனில் கிடைக்க நெடுந்தூரம் போக வேண்டும். ஆனாலும் குடும்பக் கட்டுப்பாட்டின் பாரம் முழுவதும் பெண் தலையிலேயே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இந்த ஆய்வு மேல் மிகுந்த ஆவல்.

இந்த மரபணு அப்பாவிடமிருந்து வருகிறதா?

விந்தணு சம்பந்தப்பட்டது என்றாலே அப்பா வழி என்று நினைத்துவிடுகிறார்கள். கேபிர் 18-ஆவது குரோமோசோமில் இருப்பதால் ஒரு பிரதி அம்மாவிடமிருந்து, ஒரு பிரதி அப்பாவிடமிருந்து. பெண்களிடமும் இருக்கிறது, அவர்களுக்கு விந்தணு இல்லை என்பதால் அங்கே வாலில் வேலை இல்லை, அவ்வளவே. நார் உறையின் முக்கியக் கட்டுமானப் புரதமான ஏகேஏபி4-இன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மா கொடுத்தது.

இதே காரணத்தால் குறைகளும் பெண்கள் வழியே சத்தமில்லாமல் கடந்துபோகும். கேட்ஸ்பர் மதகின் ஒரு பாகத்துக்கான மரபணு 15-ஆவது குரோமோசோமில், காது கேட்பதற்கு வேண்டிய ஒரு மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு பிரதியிலும் அந்தத் துண்டு முழுவதும் அறுந்துபோன குடும்பங்களில் அண்ணனுக்குக் காது மந்தம், குழந்தையும் இல்லை. அதே துண்டு அறுந்த தங்கைக்குக் காது மட்டும் மந்தம். அவர் இயல்பாகக் கருவுற்றுப் பிள்ளை பெறுகிறார். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருவர் வந்தால் விந்து டப்பாவைக் கொடுப்பதற்கு முன்னாலேயே, "வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலிருந்து காது கேட்காமல் இருக்கிறதா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன்.